லினக்ஸ் சேர்வரில் எந்தப் புரோசெஸ் எவ்வளவு நினைவகம் பாவிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் பாடசாலைக் கணினி அறை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், நெல் ஆலை, மருந்தகம் போன்ற இடங்களில் 8 ஜிபி அல்லது 16 ஜிபி நினைவகத்தோடு ஒரு லினக்ஸ் சேர்வரைக் கவனிப்பவர்களுக்காக எழுதியது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் உள்ளன. தட்டும்போது வழமைபோல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

‘ஃப்ரீ’ கட்டளை 300 எம்பிதான் மிச்சம் என்று காட்டுகிறது. சேர்வர் விழப்போகிறதா?

அனேகமாக இல்லை. நீங்கள் பார்த்தது ‘ஃப்ரீ’ என்ற நிரல் (அட்டவணையின் செங்குத்து வரிசை). பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் ‘அவெய்லபிள்’. உதாரணமாக மொத்தம் 7.6, பாவனை 3.2, ஃப்ரீ 0.3, பஃப்/காஷ் 4.1, அவெய்லபிள் 3.9 என்று இருந்தால், புதிதாக ஒரு புரோசெஸ் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்) கேட்டால் ஏறக்குறைய 3.9 ஜிபி கொடுக்கலாம் என்பதே பொருள். வட்டிலிருந்து வாசித்த கோப்புகளைக் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) காஷ் என்ற பெயரில் சும்மா கிடக்கும் நினைவகத்தில் வைத்திருக்கிறது. தேவை வந்தால் அதை விட்டுக்கொடுக்கும்.

அவெய்லபிள் கணக்கு 2014இல் கேர்னல் 3.14உடன் வந்தது. அதற்கு முன்னர் ஃப்ரீயையும் காஷையும் கூட்டித்தான் பார்த்தார்கள். அந்தக் கூட்டல் பிழை. டிஎம்பிஎஃப்எஸ் கோப்புகளும் (வட்டில் அல்லாமல் நினைவகத்திலேயே இருப்பவை) பகிர்வு நினைவகமும் காஷுக்குள்தான் எண்ணப்படுகின்றன, அவற்றைக் கேர்னல் தூக்கி எறிய முடியாது.

இன்னொன்று. ‘ட்ரொப் காஷஸ்’ கட்டளையைக் குரொனில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவை) போட்டு மணிக்கு ஒருமுறை காஷைத் துடைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். துடைத்த அடுத்த நிமிடமே தரவுத்தளமும் கோப்புகளும் மறுபடி வட்டிலிருந்து வாசிக்கப்படும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் பில் போடுகிறவர் அதை உடனே உணர்வார்.

உபுண்டுவைப் புதுப்பித்த பிறகு ‘பாவனை’ எண் திடீரென ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். புதிய பதிப்பில் அந்த நிரல் மொத்தத்திலிருந்து அவெய்லபிளைக் கழித்து வருகிறது. முன்னர் ஃப்ரீயையும் காஷையும் கழித்தார்கள். கணக்குப் போடும் முறைதான் மாறியிருக்கிறது.

8 ஜிபி போட்டிருக்கிறோம். ஏன் 7.6 காட்டுகிறது?

மதர்போர்டில் உள்ள கிராஃபிக்ஸ் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், பயோஸும் கேர்னலும் கொஞ்சம் ஒதுக்கும். மேசைக் கணினியை சேர்வராக ஓட்டும்போது இது வழமை. திரை தேவையில்லை என்றால் பயோஸில் கிராஃபிக்ஸ் பங்கை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கலாம்.

புரோசெஸ்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளையில் வர்ட், ரெஸ், எஸ்எச்ஆர் என்று மூன்று எண். எதை நம்புவது?

வர்ட் என்பது புரோசெஸ் கேட்டு வைத்த முகவரி இடம். தொட்டதும் தொடாததும் அதற்குள் வரும். ஜாவா மென்பொருள் ஒன்றில் அது 10 ஜிபியைத் தாண்டி நின்றாலும் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ரெஸ் என்பது இப்போது உண்மையில் நினைவகத்தில் இருக்கும் பக்கங்கள் (கேர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் சிறு துண்டுகள்). பிஎஸ் கட்டளையில் இதுவே ஆர்எஸ்எஸ். எஸ்எச்ஆர் என்பது ரெஸ்ஸுக்குள் மற்றவர்களோடு பகிரக்கூடிய பங்கு. பகிர*க்கூடிய* என்பதைக் கவனியுங்கள், வேறு யாரும் இப்போது பகிராவிட்டாலும் அது எஸ்எச்ஆரில் சேரும்.

அவசரத்துக்கு ரெஸ்ஸிலிருந்து எஸ்எச்ஆரைக் கழியுங்கள். வருவது ஏறத்தாழ அந்தப் புரோசெஸ் தானாக ஒதுக்கிய நினைவகம். டாப்புக்குள் ஷிஃப்ட்டும் எம்மும் அழுத்தினால் நினைவக வரிசைப்படி அடுக்கும். சின்ன ஈ அழுத்தினால் கேபியிலிருந்து எம்பி, ஜிபி என்று அலகு மாறும்.

எல்லாப் புரோசெஸ்களின் ஆர்எஸ்எஸையும் கூட்டினால் 11 ஜிபி வருகிறது. சேர்வரில் இருப்பதே 8 ஜிபி. எப்படி?

ஐந்து கமக்காரர் பங்கு போட்டு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ‘உங்களிடம் லான்ட்மாஸ்டர் இருக்கிறதா’ என்று கேட்டால் ஐந்து பேரும் ஓம் என்பார்கள். கூட்டினால் ஊரில் ஐந்து. ஆர்எஸ்எஸ் இப்படித்தான் எண்ணுகிறது. சி நூலகமும் (பல மென்பொருள்கள் பகிரும் அடிப்படைக் குறிமுறை) பிஎச்பியின் ஒப்கோட் காஷும் (மொழிபெயர்த்து வைத்த பிஎச்பி குறிமுறை) நினைவகத்தில் ஒரே ஒரு பிரதியாக இருந்தாலும், அவற்றைத் தொட்ட ஒவ்வொரு புரோசெஸின் கணக்கிலும் முழுசாக ஏறும். தாய்ப் புரோசெஸிலிருந்து பிரிந்த பிள்ளைகள் இன்னும் மாற்றி எழுதாத பக்கங்களும் அப்படியே.

இதைச் சரிசெய்ய இரண்டு அளவுகள் உண்டு. பிஎஸ்எஸ் என்பதில் ஒரு பக்கத்தை எத்தனை புரோசெஸ் பகிர்கின்றனவோ அத்தனையால் வகுத்து ஒவ்வொன்றுக்கும் அந்தப் பங்கு மட்டும் சேரும். யூஎஸ்எஸ் என்பதில் அந்தப் புரோசெஸுக்கு மட்டுமே சொந்தமான பக்கங்கள் மட்டும்.

எண்ணோடு பாருங்கள். பிஎச்பி எஃப்பிஎம் (பிஎச்பி வலைப்பக்கங்களை ஓட்டும் சேவை) வேலையாட்கள், அதாவது அதன் பிள்ளைப் புரோசெஸ்கள், 20. ஒவ்வொன்றின் ஆர்எஸ்எஸ் 60 எம்பி. அதில் 40 எம்பி இருபதுக்கும் பொது, 20 எம்பி சொந்தம் என்று வைப்போம்.

ஆர்எஸ்எஸ் கூட்டுத்தொகை: 20 × 60 = 1,200 எம்பி
உண்மையில் பிடித்திருப்பது: 20 × 20 + 40 = 440 எம்பி
ஒருவரின் பிஎஸ்எஸ்: 20 + 40 ÷ 20 = 22 எம்பி
ஒருவரின் யூஎஸ்எஸ்: 20 எம்பி

22ஐ இருபதால் பெருக்கினால் 440. கூட்டுவதற்கு ஏற்ற எண் பிஎஸ்எஸ் மட்டும்தான். ஒரு வேலையாளை நிறுத்தினால் எவ்வளவு திரும்பி வரும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை யூஎஸ்எஸ், 20 எம்பி. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று முதலில் தீர்மானிக்காமல் எண்ணை எடுத்தால், எண் சரியாக இருந்தும் முடிவு பிழைக்கும்.

சரி, பிஎஸ்எஸ்ஸை எப்படி எடுப்பது?

சுலபமான வழி ‘ஸ்மெம்’ என்ற கருவி. உபுண்டு, டெபியன் களஞ்சியத்தில் அதே பெயரில் கிடைக்கும். ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்தப் புரோசெஸ்கள் மட்டும் தெரியும், மரியாடிபி தரவுத்தளம் பட்டியலிலேயே வராது, கூட்டுத்தொகை அழகாகச் சின்னதாக நிற்கும். ‘-டி’ கொடுத்தால் அடியில் கூட்டுத்தொகை, ‘-கே’ கொடுத்தால் எம்பி ஜிபி அலகு, ‘-எஸ் பிஎஸ்எஸ் -ஆர்’ கொடுத்தால் பெரியது மேலே. பயனர்வாரியாகப் பார்க்க ‘-யூ’.

கருவி எதுவும் நிறுவ இணைய வசதி இல்லாத சேர்வரா? ப்ராக் அடைவுக்குள் (கேர்னல் தன் விபரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) புரோசெஸ் எண்ணின் பெயரில் உள்ள அடைவைத் திறந்து ‘எஸ்மாப்ஸ்_ரோலப்’ கோப்பை வாசியுங்கள். பிஎஸ்எஸ் என்று தொடங்கும் வரிதான் உங்களுக்கு வேண்டியது. ப்ரைவேட்_க்ளீன், ப்ரைவேட்_டேர்ட்டி இரண்டையும் கூட்டினால் யூஎஸ்எஸ். இந்தக் கோப்பு கேர்னல் 4.14இலிருந்து, அதாவது 2017இலிருந்து உண்டு. அதற்கு முந்தியது என்றால் ‘எஸ்மாப்ஸ்’ கோப்பில் பகுதி பகுதியாக வரும் பிஎஸ்எஸ் வரிகளை எல்லாம் கூட்ட வேண்டும்.

இந்த வாசிப்பு இலவசம் அல்ல. கேர்னல் அந்தப் புரோசெஸின் ஒவ்வொரு பக்கத்தையும் நடந்து பார்க்கிறது, பல ஜிபி பிடித்த தரவுத்தளத்தில் அது கணிசமான வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பரவாயில்லை. ஒரு செக்கனுக்கு ஒருமுறை எடுக்காதீர்கள்.

பிஎச்பி எஃப்பிஎம்மில் ‘மாக்ஸ் சில்ட்ரன்’ (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலையாட்களின் எண்ணிக்கை) எத்தனை வைப்பது?

அதிகம் பேர் ஆர்எஸ்எஸ்ஸால் வகுத்துத் தேவையில்லாமல் குறைத்து வைக்கிறார்கள், அல்லது எங்கேயோ கண்ட 100ஐ அப்படியே போட்டுவிடுகிறார்கள். கணக்குப் பின்வருமாறு போகட்டும்.

7.6 ஜிபி என்பது சுமார் 7,800 எம்பி. இயங்குதளமும் சில்லறைச் சேவைகளும் 600. மரியாடிபி 2,500. கோப்புக் காஷுக்கு 1,500 விடுங்கள், இதைப் பிடுங்கினால் வட்டு மூச்சு வாங்கும். மிச்சம் 3,200. வேலையாள் ஒருவரின் யூஎஸ்எஸ்ஸை கூட்டம் உள்ள நேரத்தில் எடுங்கள். காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் கொள்வனவு நடக்கும்போது எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் பற்றுச்சீட்டு ஏற்றும். ஐப்பசியில் எடுத்த அளவு அந்த நாளுக்கு உதவாது. உச்ச நேரத்தில் 60 எம்பி என்று கண்டால், 3,200இலிருந்து பொதுப் பங்கான 40ஐக் கழித்து 60ஆல் வகுத்தால் 52. கொஞ்சம் இடம் விட்டு நாங்கள் சொல்வது 45.

அதோடு ஆக மோசமான நிலையையும் பாருங்கள். பிஎச்பியின் ‘மெமரி லிமிட்’ இயல்பாக 128 எம்பி. எல்லாரும் அந்த எல்லை வரை போனால் 24 பேருக்குத்தான் இடம். எல்லாரும் ஒரே நேரத்தில் போவதில்லை, ஆனால் மாத முடிவு அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்கும் வலைப்பக்கம் ஒன்று இருந்தால் அது போகும். அந்த வலைப்பக்கத்துக்குத் தனி ‘பூல்’ (வேலையாட்களின் தொகுதி) அமைத்து, அதில் 3 வேலையாள் மட்டும் வைத்து, எல்லையை 512 எம்பி ஆக்குங்கள். பொதுப் பூலின் எல்லையை உயர்த்தாதீர்கள்.

மெமரி லிமிட் எண்ணுவது பிஎச்பி தானே ஒதுக்குகிற நினைவகத்தை மட்டும். படங்களைச் சுருக்கும் இமாஜிக் போன்ற வெளி நூலகம் எடுப்பது அந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது. எல்லை 128ஆக இருந்தும் வேலையாள் 400 எம்பியில் நிற்கிறது என்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

மரியாடிபிக்கு 2 ஜிபி பஃபர் பூல் (தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) கொடுத்தோம். காலையில் பார்த்தால் 600 எம்பிதான். வெள்ளிக்கிழமை 2.6 ஜிபி. எது சரி?

இரண்டும். பூலுக்கான இடம் தொடங்கும்போதே கேட்கப்படும், ஆனால் தரவு வந்து ஒவ்வொரு பக்கத்தையும் தொடும்போதுதான் ஆர்எஸ்எஸ்ஸில் ஏறும். இரவு கறண்ட் போய் சேர்வர் விழுந்து காலையில் எழும்பியிருந்தால் நீங்கள் பார்ப்பது அரைகுறை நிரம்பிய பூல். திட்டமிடுவதற்கு எண் வேண்டுமென்றால் சேர்வர் எழும்பி எத்தனை நாள் என்று ‘அப்டைம்’ கட்டளையில் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு முழு வேலை வாரமாவது ஓடியிருக்கட்டும்.

2 ஜிபியைத் தாண்டிய 0.6 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு இணைப்பும் வரிசைப்படுத்த, இணைத்துத் தேட, தற்காலிக அட்டவணை வைக்க என்று தனித்தனியே இடம் எடுக்கும். பூல் அளவு என்பது மரியாடிபியின் மொத்த எல்லை அல்ல.

முறையாக நிறுத்தினால் பூலில் இருந்த பக்கங்களில் அண்மையில் பாவித்த கால்வாசியின் பட்டியலை வட்டில் எழுதி, அடுத்த முறை அதை வைத்துத் திரும்ப ஏற்றும். இதுவே இயல்பான அமைப்பு. கறண்ட் பட்டென்று போனால் அந்தப் பட்டியல் எழுதப்படாது, பழைய பட்டியல்தான் கிடைக்கும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரை சேர்வரில் செருகி, பற்றரி இறங்கும்போது தானாக நிறுத்தும்படி ‘நட்’ மென்பொருளை அமைத்தால் காலை வேகமும் மிச்சம், தரவுத்தளமும் மிச்சம். யூபிஎஸ் வாங்கியவர்களில் பலர் அந்த வயரைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்றால்?

ஒவ்வொரு இணைப்பும் தனிப் புரோசெஸ், எல்லாரும் ஒரே ‘ஷெயர்ட் பஃபர்ஸ்’ஐ (பகிர்வு நினைவகப் பகுதி) தொடுகிறார்கள். ஆர்எஸ்எஸ் இங்கே மிக மோசமாக ஏமாற்றும். பிஎஸ்எஸ் மட்டும் பாருங்கள்.

‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ காட்டும் ‘மெமரி’ வரி, காப்புப்பிரதி எடுக்கும்போது 3 ஜிபிக்குப் போகிறது. ஆனால் டாப்பில் 40 எம்பிதான்.

அந்த வரி சிகுரூப் (ஒரு சேவையின் புரோசெஸ்களை ஒரு குழுவாக்கிக் கேர்னல் வைக்கும் கணக்கு) கணக்கிலிருந்து வருகிறது. சேவை தன் புரோசெஸ்களுக்காக ஒதுக்கியதோடு, அது வாசித்த, எழுதிய கோப்புகளின் காஷும் அதில் சேரும். 3 ஜிபி காப்புக் கோப்பை எழுதினால் 3 ஜிபி காஷ் அந்தச் சேவையின் தலையில்.

பிரித்துப் பார்க்க அந்தச் சேவையின் சிகுரூப் அடைவில் ‘மெமரி.ஸ்டாட்’ கோப்பைத் திறவுங்கள். ‘அனொன்’ என்ற வரி உண்மையான ஒதுக்கீடு, ‘ஃபைல்’ என்ற வரி காஷ். பொதுவான பக்கம் ஒன்றை இரண்டு சேவைகள் பாவித்தால், முதலில் தொட்டதன் கணக்கில்தான் அது முழுதாக ஏறும். ஆகவே சிகுரூப் எண்ணும் பிஎஸ்எஸ் கூட்டுத்தொகையும் பொருந்தாமல் இருப்பது பழுது அல்ல.

சேவை ஒன்றுக்கு வேலி போட ‘மெமரிஹை’, ‘மெமரிமாக்ஸ்’ இரண்டும் உண்டு. ஹை தாண்டினால் வேகம் குறைக்கப்பட்டு நினைவகம் திரும்ப எடுக்கப்படும். மாக்ஸில் முட்டி, விடுவிக்க எதுவும் இல்லை என்றால் அந்தச் சேவைக்குள்ளேயே ஒன்று கொல்லப்படும். காப்புப்பிரதி வேலைக்கு மெமரிஹை போதும்.

மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டொக்கர் காட்டும் எண்?

அதுவும் சிகுரூப் எண்தான். ஆனால் ‘டொக்கர் ஸ்டாட்ஸ்’ சும்மா கிடக்கும் கோப்புக் காஷைக் கழித்துக் காட்டும். அதனால் சிகுரூப் கோப்பைவிடக் குறைவாக இருக்கும்.

நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது. கசிவா (எடுத்ததை விடுவிக்காமல் விடும் பிழையா)?

ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம், புரோசெஸ் எண், பிஎஸ்எஸ் மூன்றையும் ஒரு வரியாகக் கோப்பில் சேர்க்கும் சிறு ஸ்கிரிப்டைக் குரொனில் போட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். ஏறி ஓரிடத்தில் நின்றால் அது காஷ் நிரம்பியது. பகலில் ஏறி இரவில் இறங்காமல், அடுத்த பகலில் அதே உயரம் வரை மட்டும் போனால் அதுவும் கசிவு அல்ல: மென்பொருள் விடுவித்த நினைவகத்தைச் சி நூலகம் கேர்னலிடம் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த வேலைக்கு வைத்திருக்கிறது. அலுவலகம் பூட்டியிருக்கும் ஞாயிறன்றும் சீராக ஏறினால், அல்லது ஒவ்வொரு நாள் உச்சமும் முந்திய நாளைவிட அதே அளவு கூடினால், அதுதான் கசிவு.

பல நூல்களோடு (‘த்ரெட்’, ஒரே புரோசெஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஓடும் மென்பொருள்களில் இன்னொரு காரணம் உண்டு. ஜிலிப்சி என்ற சி நூலகம் ஒவ்வொரு சிபியூ கோருக்கும் 8 வரை தனித்தனி ஒதுக்கீட்டுப் பகுதி வைக்கலாம்; நான்கு கோர் என்றால் 32. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தேங்கும். ‘மாலொக்_அரீனா_மாக்ஸ்’ என்ற சூழல் மாறியை 2 ஆக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் நின்றால் மென்பொருளில் பிழை தேடி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

உச்சம் மட்டும் போதுமென்றால் ப்ராக் அடைவில் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பின் ‘விஎம்எச்டபிள்யூஎம்’ வரி, புரோசெஸ் தொடங்கிய பின் தொட்ட ஆகக் கூடிய ஆர்எஸ்எஸ்ஸைச் சொல்லும்.

உண்மையான கசிவு பிஎச்பியில் என்றால், ‘மாக்ஸ் ரிக்குவெஸ்ட்ஸ்’ஐ 500 ஆக்கினால் ஒவ்வொரு வேலையாளும் 500 கோரிக்கைக்குப் பின் மாறும். நோய் தீராது, வேலை ஓடும்.

ஸ்வாப் (நினைவகப் பக்கங்களை ஒதுக்கி வைக்கும் வட்டு இடம்) 1.2 ஜிபி பாவனையில். பயப்படலாமா?

எவ்வளவு கிடக்கிறது என்பதைவிட எவ்வளவு ஓடுகிறது என்பதே முக்கியம். ‘விஎம்ஸ்டாட் 5’ ஓட்டி ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ நிரல்களைப் பாருங்கள். முதல் வரி சேர்வர் எழும்பியதிலிருந்து வந்த சராசரி, அதை விட்டுவிடுங்கள். அடுத்த வரிகளில் இரண்டும் பூச்சியமாகவே இருந்தால் எப்போதோ ஒதுக்கிய பக்கங்கள் ஸ்வாப்பில் தூங்குகின்றன. நூற்றுக்கணக்கில் தொடர்ந்து ஓடினால் நினைவகம் காணாது. யாருடையது என்று அறிய ஸ்டேட்டஸ் கோப்பில் ‘விஎம்ஸ்வாப்’ வரி. ஆர்எஸ்எஸ் திடீரெனக் குறைந்த புரோசெஸைக் கண்டு மகிழ முன்னர் இந்த வரியையும் பாருங்கள்.

தரவுத்தளம் இரவில் தானாக நின்றிருக்கிறது. நினைவகம்தான் காரணமா என்று எப்படி அறிவது?

நினைவகம் முற்றாகத் தீர்ந்தால் கேர்னல் ஒரு புரோசெஸைக் கொல்லும். ‘ஜேர்னல்சிடிஎல் -கே’ ஓட்டி, ‘அவுட் ஒஃப் மெமரி’ என்ற சொற்றொடரைத் தேடுங்கள். கொல்லப்பட்ட புரோசெஸின் வரியில் அனொன், ஃபைல், எஸ்எச்மெம் என்று மூன்று ஆர்எஸ்எஸ் எண்கள் கேபியில் இருக்கும். அதற்கு மேலே எல்லாப் புரோசெஸ்களின் அட்டவணை ஒன்றும் வரும். அங்கே ஆர்எஸ்எஸ் நிரல் பக்கங்களில் உள்ளது, கேபியில் அல்ல. வழமையான கணினியில் பக்கம் ஒன்று 4 கேபி. அட்டவணையில் 650000 என்றால் 650 எம்பி அல்ல, சுமார் 2.5 ஜிபி. இதைத் தவறாக வாசித்து வேறு சேவையைக் குற்றம் சாட்டுவது அடிக்கடி நடக்கும்.

கொல்லப்பட்டவர் குற்றவாளி என்றும் இல்லை. கேர்னல் பெரும்பாலும் ஆகப் பெரியதைத் தெரிவு செய்யும், அது பெரும்பாலும் மரியாடிபி. அட்டவணையை எண்ணுங்கள்: 90 பிஎச்பி வேலையாட்கள் நின்றால் பிரச்சினை அங்கே. மரியாடிபியின் ‘ஊஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட்’ எண்ணை மைனஸ் 500 ஆக்கினால் அது தப்பலாம், ஆனால் மாக்ஸ் சில்ட்ரனைக் குறைக்காமல் அதை மட்டும் செய்தால் அடுத்த முறை எஸ்எஸ்எச் சேவையோ (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) வேறொன்றோ போகும்.

பிஎஸ்எஸ் எல்லாம் கூட்டினால் 3 ஜிபி, காஷ் 1 ஜிபி, ஃப்ரீ 1 ஜிபி. மிச்சம் 2.6 ஜிபி எங்கே?

புரோசெஸ்களுக்கு வெளியே. ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோ கோப்பில் ‘ஸ்லாப்’ (கேர்னல் தனக்காக ஒதுக்கியது), ‘பேஜ்டேபிள்ஸ்’ (பக்கங்களின் முகவரி அட்டவணை), ‘ஹியூஜ்பேஜஸ்’ (பெரிய அளவிலான பக்கங்கள்) வரிகளைப் பாருங்கள். ஹியூஜ் பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் யாரும் தொடாவிட்டாலும் அது போனதுதான், ஆர்எஸ்எஸ்ஸிலும் வராது. ஸ்லாப் பெரிதென்றால் ‘ஸ்லாப்டாப்’ யாரென்று சொல்லும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை பாவிப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் ஏஆர்சி என்ற அதன் சொந்தக் காஷ், அது ஃப்ரீ கட்டளையின் காஷ் நிரலில் சேராது.

ஜாவாவுக்கு எக்ஸ்எம்எக்ஸ் எல்லையாக 1 ஜிபி கொடுத்தும் 1.5 எடுக்கிறதே?

அந்த எல்லை ஹீப்புக்கு (மென்பொருள் தன் தரவை வைக்கும் இடம்) மட்டும். வகுப்பு விபரங்கள், மொழிபெயர்த்த குறிமுறை, நூல் ஒவ்வொன்றின் அடுக்கு எல்லாம் அதற்கு வெளியே. எல்லையே கொடுக்காவிட்டால் மொத்த நினைவகத்தில் கால்வாசி வரை ஹீப் எடுக்கலாம்.

விண்டோஸ் சேர்வர் வைத்திருக்கிறோம்.

டாஸ்க் மனேஜரின் விபரப் பகுதியில் இயல்பாகத் தெரியும் நினைவக நிரல் தனிப்பட்ட பங்கு மட்டும், யூஎஸ்எஸ்ஸுக்கு நெருக்கம். ‘கொமிட் சைஸ்’ நிரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நினைவகம் தீரும்போது விண்டோஸ் முட்டுவது அந்த எல்லையில்தான்.

இவ்வளவும் பார்த்தாயிற்று. நினைவகம் வாங்கலாமா?

ப்ராக் அடைவில் ‘ப்ரெஷர்/மெமரி’ கோப்பை உச்ச நேரத்தில் வாசியுங்கள், கேர்னல் 4.20இலிருந்து இந்த வசதி உண்டு. ‘சம்’ (‘சில’ என்ற பொருளில்) வரியின் ‘ஏவிஜி300’ என்பது கடைசி 5 நிமிடத்தில் நினைவகத்துக்காக ஏதாவது ஒரு வேலை காத்திருந்த நேரத்தின் வீதம். பூச்சியத்தை ஒட்டியே நின்றால் காசை எஸ்எஸ்டியில் போடுங்கள். தினமும் பத்து வீதத்தைத் தாண்டினால் வாங்குங்கள்.

வாங்க முன் ‘டிஎம்ஐடிகோட் -டி மெமரி’ ஓட்டி மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மதர்போர்ட் தாங்கும் ஆகக் கூடிய அளவு, வெறுமையான துளைகள் எத்தனை, இப்போது இருப்பது டிடிஆர்3ஆ டிடிஆர்4ஆ. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரவழைக்கும்போது வகை மாறி வந்தால் செருகவே முடியாது. புதியதைப் போட்டதும் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஓர் இரவு ஓடவிட்டு, ஒரு பிழைகூட இல்லை என்றால் மட்டும் தரவுத்தளத்தை அதன் மேல் ஏற்றுங்கள்.